ஆள் பேச்சு நீக்கிய பிரதி

வங்காள சினிமாவின் வரலாற்றைக் காப்பாற்றியவர்களில் நானும் ஒருத்தி. சான்றிதழ் இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள், இப்போது எங்கள் க்ளாஸெட்டில் சூட்கேஸ்களுக்குப் பின்னால் எங்கோ கிடக்கிறது. எனக்கு வங்காளம் ஒரு வார்த்தை தெரியாது என்பதை மட்டும் அதில் போடவில்லை.

இந்தப் பெருமை என்னைத் தேடி வந்ததற்கு ஒரே காரணம், எங்கள் வீட்டில் ஒரு மல்டி சிஸ்டம் வி.சி.ஆர். இருந்ததுதான். அமெரிக்காவில் விற்கிற வி.சி.ஆரில் நம் ஊர் கேசட் ஓடாது. போட்டால் திரையில் கோடு கோடாக ஓடும், அவ்வளவுதான். இரண்டு ஊர் கேசட்டையும் ஓட்டுகிற மெஷின் வேண்டுமென்றால் நியூஜெர்சி ஐசலினில் ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போய், புடவைக் கடைக்கும் நகைக் கடைக்கும் நடுவில் பிரஷர் குக்கரும் சூட்கேசும் விற்கிற கடையில் கேட்க வேண்டும். எங்கள் நிக்காஹ் கேசட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்து வாங்க வைத்தேன். ஒரே ஒரு முறை பார்த்தோம். மூன்று மணி நேரக் கேசட்டில் இரண்டு மணி நேரம் பிரியாணிப் பந்தி. திண்டுக்கல் வீடியோக்காரர் ஒருத்தர் வாயையும் விடவில்லை, மெல்லுவதிலிருந்து விழுங்குவது வரை எடுத்திருந்தார். அதற்குப் பிறகு அந்த மெஷின் டி.வி.க்குக் கீழே தூசி வாங்கிக்கொண்டிருந்தது.

நானும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தேன். எம்.சி.ஏ. படித்து, சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இரண்டு வருடம் டெஸ்டிங் வேலை பார்த்தவள். அடுத்தவன் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதற்கென்றே பிறந்தவள் நான். கல்யாணமாகி எடிசனுக்கு வந்ததும் எச்-4 விசா. அந்த விசாவில் கணவனோடு இருக்கலாம், சமைக்கலாம், ஐஸ் பெட்டிக்குள் இருப்பதுபோல ஜனவரி மாதத்தைப் பார்க்கலாம். சம்பளத்துக்கு வேலை மட்டும் பார்க்கக் கூடாது. பார்ட்டிகளில் எல்லோரும் என் கணவரிடம், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவரிடம், எந்த கம்பெனி என்று கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீங்க வீட்ல சும்மாதான் இருக்கீங்களா?" என்பார்கள். மூன்று வருடமாக அந்தச் 'சும்மா'வைக் கேட்டுக் கேட்டு எனக்குள் ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

2005-இல், ஆளுக்கொரு பதார்த்தம் செய்துகொண்டு போகிற ஒரு பாட்லக் விருந்தில் மச்சானின் மேனேஜர் தன் கவலையைச் சொன்னார். அவர் வங்காளி. அந்த வட்டாரத்து வங்காளிகள் சேர்ந்து பழைய வங்காளப் படங்களைக் காப்பாற்ற ஒரு கமிட்டி வைத்திருந்தார்கள், அவர்தான் தலைவர். கல்கத்தாவிலிருந்து ஆளாளுக்குக் கொண்டுவந்த கேசட்டுகள் பேஸ்மென்ட்களில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன, ஓட்டிப் பார்க்க மெஷின் இல்லை, டி.வி.டி.யாக மாற்றாவிட்டால் ஒரு பண்பாடே போய்விடும் என்றார். என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் மல்டி சிஸ்டம் இருக்கிறது என்றார். அதோடு விட்டாரா? மனைவி கம்ப்யூட்டர் படித்தவள், வீட்டில் சும்மாதான் இருக்கிறாள் என்றும் சேர்த்துச் சொன்னார்.

காரில் ஏறி, கதவை ஓங்கிச் சாத்தினேன். மச்சானுக்குப் புரிந்துவிட்டது.

"கோவப்படாத. என் கிரீன் கார்டு பேப்பர் அவர் டேபிள்லதான் கெடக்கு. அவர் சைன் பண்ணாத்தான் மூவ் ஆகும். ரெண்டு கேசட்தானே, காப்பி பண்ணிக் குடுத்துடேன்."

"ரெண்டா?"

"ரெண்டோ மூணோ."

அறுபத்து நாலு கேசட் வந்தது. வாழைப்பழ அட்டைப் பெட்டிகளில், நாலு தவணையாக.

கமிட்டி, தலைவர் வீட்டு பேஸ்மென்ட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும். நானும் போவேன், எனக்காகப் பேச்சு ஆங்கிலத்தில். டாக்டர்கள், பேராசிரியர்கள், மருந்து கம்பெனி விஞ்ஞானிகள். ஒவ்வொருவரும் அவ்வளவு படித்தவர்கள், அவ்வளவு அழகாகப் பேசுகிறவர்கள். முதல் இரண்டு கூட்டமும் கமிட்டியின் பெயரில் 'பாதுகாப்பு' என்று இருப்பதா 'பராமரிப்பு' என்று இருப்பதா என்பதிலேயே முடிந்தது. மூன்றாவது கூட்டத்தில் ஒருவர் தட்டில் இருந்ததை சமோசா என்று சொல்லிவிட, அது சமோசா இல்லை, வங்காளத்தில் அதன் பெயரும் வேறு, உள்ளே வைப்பதும் வேறு என்று மூத்த பேராசிரியர் அரை மணி நேரம் விளக்கினார். மாடியில் அவர்களுடைய பிள்ளைகள் வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தலைவர் மாடிப்படியில் நின்று வங்காளத்தில் எதையோ கத்துவார், மேலேயிருந்து "டாட், ஃபைவ் மினிட்ஸ்!" என்று பதில் வரும். கீழே பண்பாட்டைக் காப்பாற்றும் பணி தொடரும்.

சிரிக்கிறேனே தவிர, எனக்குள் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. நம் ஆட்கள் புதுப்படம் வந்தால் தியேட்டரை வாடகைக்கு எடுத்து, திரைக்கு முன்னால் சூடம் கொளுத்தப் பார்த்து, ஃபயர் அலாரம் அடித்து, எல்லோரும் பார்க்கிங்கில் நின்றதுண்டு. பழைய படத்தைக் காப்பாற்ற ஒரு கூட்டம் போட்டதாக நான் கேள்விப்படவில்லை. இவர்கள் சண்டை போட்டாவது கூடினார்கள்.

அறுபத்து ஐந்தாவது கேசட் அட்டைப் பெட்டியில் வரவில்லை. எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே மூன்றாவது பிளாக்கில் மகன் குடும்பத்தோடு இருந்த ஒரு வங்காள ஆன்ட்டி அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். புடவைக்கு மேல் மகனுடைய பழைய ஜாக்கெட், காலில் ஸ்னீக்கர்ஸ். கணவர் இறந்து பல வருடம் ஆகிறது, கல்கத்தா வீட்டை விற்றுவிட்டு மகனோடு வந்துவிட்டவர். பேரனை டேகேரில் விட்டபிறகு அவருக்கும் என்னைப்போல நாள் முழுக்க சும்மாதான். எங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேச்சு. அவருடைய ஆங்கிலம் ஒரு தினுசு, என்னுடையது இன்னொரு தினுசு. அதையெல்லாம் இங்கே தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை மட்டும் "மா" என்று கூப்பிடுவார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"இதைக் கமிட்டியில் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள், மா. அதனால்தான் உன் கையில் தருகிறேன். இங்கே வந்ததிலிருந்து இதை ஓட்டிப் பார்க்க முடியவில்லை. பத்து வருடமாகிவிட்டது."

என்ன படம் என்று தலைவரிடம் போனில் சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது. ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் பற்றிய கறுப்பு வெள்ளைப் படம் அது. பெயர் சொல்ல மாட்டேன். எடுத்தவர் அந்த ஒரு படத்தோடு காணாமல் போனவராம். ஃபிலிம் பிரதி எங்குமே இல்லையாம், எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் போட்டதோடு சரியாம். "உங்கள் கையில் இருப்பது கேசட் இல்லை, பொக்கிஷம்" என்றார். மூன்று வருடத்தில் என் கையில் இருப்பதை ஒருவர் பொக்கிஷம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பொக்கிஷத்தை மெஷினில் போட்டேன். டி.வி.யிலிருந்து நேராகப் பதிவு செய்த கேசட் இல்லை அது. யாரோ டி.வி.க்கு எதிரே வீடியோ கேமராவை வைத்து, ஓடுகிற படத்தை அப்படியே எடுத்திருக்கிறார்கள். திரையின் ஓரத்தில் டி.வி. பெட்டியின் மரச்சட்டம் தெரிந்தது. கீழே ஒரு கறுப்பு மேடு அடிக்கடி எழும்பி வந்து ஸ்டேஷன் மாஸ்டரின் கால்களை மறைத்தது. மின்விசிறிச் சத்தம், எங்கோ குக்கர் விசில். இவற்றையெல்லாம் தாண்டி ஒரு ஆள். கேமராவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார் போல, படத்தில் யாரும் பேசாத இடமெல்லாம் அவர் பேசினார். சிரித்தார், இருமினார், உச்சுக்கொட்டினார், ஒரு பாட்டுக்குக் கூடவே பாடினார்.

பாதிப் படத்தில் மெஷின் கடமுடவென்று கத்தியது. திறந்தால் டேப் முறுக்குப் பிழிந்ததுபோல வெளியே வந்து கிடக்கிறது. பூஞ்சை. கசங்கிய துண்டை வெட்டி, செலோ டேப் போட்டு ஒட்டி, அல்லாஹ்வை வேண்டிக்கொண்டு மிச்சத்தையும் ஓட்டினேன். கடைசிவரை கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. நாலு நொடிதான் நஷ்டம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஆளைப் பற்றி மட்டும் தலைவரிடம் சொன்னேன். "ஒருத்தர் குறுக்கே பேசிக்கொண்டே இருக்கிறார்."

"யாரது?"

"தெரியவில்லை."

"எடுத்துவிட முடியுமா? இது சினிமா வரலாறு. நடுவில் யாரோ ஒரு ஆள் இருமிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்?"

முடியும் என்றேன். முடியுமா என்று எனக்கே தெரியாது. ஆனால் என்னிடம் ஒருவர் 'முடியுமா' என்று கேட்டு எவ்வளவு நாளாயிற்று! டி.வி.டி.யின் டைட்டில் கார்டில் 'டிஜிட்டல் சீரமைப்பு' என்று போட்டு என் பெயரைப் போடுவதாகவும் சொன்னார். விசாவில்கூட நான் இன்னாருடைய மனைவிதான். சீரமைப்பில் மட்டும் நான் நானாக இருக்கப் போகிறேன் என்று தோன்றியது.

ஆறு வாரம் வேலை. காலையில் மச்சானை அனுப்பிவிட்டு ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் அசர் தொழுகைக்குத்தான் எழுந்திருப்பேன். சத்தம் கம்ப்யூட்டரில் கோடாக ஓடும். ஆள் பேசும் இடத்தில் கோடு எகிறும். அந்த இடத்தை மட்டும் பிடித்து, திரும்பத் திரும்பக் கேட்டு, எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று பார்த்து அழிக்க வேண்டும். அழித்த இடம் வெறுமையாக இருந்தால் காதுக்குத் தெரிந்துவிடும். அதனால் யாருமே பேசாத இடத்திலிருந்து கொஞ்சம் இரைச்சலை வெட்டி வந்து அங்கே ஒட்டுவேன். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான், ஆனால் நன்றாக வந்தது. படத்தை நாலு பக்கமும் கொஞ்சம் வெட்டினேன். மரச்சட்டம் போயிற்று, கீழே எழும்பிய கறுப்பு மேடும் போயிற்று.

நல்லவேளையாக அந்த ஆள் படம் பார்க்கத் தெரிந்தவர். வசனம் வரும்போது வாயை மூடிக்கொள்வார். இரண்டு மூன்று இடத்தில் அவரும் கதாநாயகியும் சேர்ந்தே பேசிவிட்டார்கள். அங்கே வேறு வழியில்லாமல் அந்த அம்மாளின் வசனத்தையும் சேர்த்துத்தான் விழுங்கினேன். இவ்வளவு ரசிகர்கள் உள்ள கமிட்டியில் ஒருவரும் இன்றுவரை அதைக் கேட்கவில்லை.

முதல் வாரம் அவர்மேல் எனக்குக் கடுப்பு. "வாய மூடவே மாட்டீங்களா?" என்று ஸ்கிரீனைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டிருக்கிறேன். மூன்றாவது வாரத்தில் அவர் எப்போது இருமுவார் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். சிரிப்பதற்கு முன்னால் மூக்கால் ஒரு மூச்சு விடுவார். மச்சான் ஏழு மணிக்கு வரும்வரை அந்த வீட்டில் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். அவர் சொன்னதில் ஒரு சொல்லுக்குக்கூட அர்த்தம் தெரியாது, ஆனால் ராகம் முழுக்க மனப்பாடம். கடைசி இருமலையும் அழித்த அன்று வீடு என்னவோ போலிருந்தது. அதற்குப் பெயர் என்னவென்று யோசிக்காமல் சமைக்கப் போய்விட்டேன்.

ஆன்ட்டி வாரம் ஒருமுறை வருவார். ஏதாவது இனிப்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, சோபாவின் நுனியில் உட்காருவார்.

"சத்தம் வருகிறதா, மா?"

"சூப்பரா வருது ஆன்ட்டி."

"எல்லாச் சத்தமும்?"

"எல்லாமே. நீங்க கவலையே படாதீங்க."

நான் சொன்னது பொய் இல்லை. அவர் முதன்முதலில் கேட்டபோது எல்லாச் சத்தமும் இருக்கத்தான் செய்தது. நாலாவது வாரம், தயங்கித் தயங்கி, "கொஞ்சம் போட்டுக் காட்டுகிறாயா? ஐந்து நிமிஷம் போதும்" என்று கேட்டார். அப்போது பாதிப் படம்தான் முடிந்திருந்தது. மறுபாதியில் அந்த ஆள் அப்படியே இருந்தார். நான் காட்டவில்லை. டேப்பை மெஷின் தின்றது தெரிந்துவிடுமோ என்ற பயம் ஒன்று. ஆனால் பெரிய காரணம் அது இல்லை. டெஸ்டிங் முடியாத எதையும் வெளி ஆளுக்குக் காட்டக் கூடாது என்பது நான் வேலை பார்த்த இடத்தில் படித்த பாடம், எச்-4 விசாவிலும் எனக்கு மிச்சமிருந்த ஒரே தொழில் தர்மம். முடியட்டும் ஆன்ட்டி, அரைகுறையாகப் பார்த்தால் நன்றாக இருக்காது, ஹாலில் எல்லோரோடும் பாருங்கள் என்று பெரிய மனுஷிபோலச் சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டு, பேரனைக் கூப்பிடப் போக வேண்டும் என்று எழுந்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய தப்பு அந்த ஐந்து நிமிஷம்தான். தப்புக் கண்டுபிடிக்கப் பிறந்தவள் என்றேனே, அதை அப்போது கண்டுபிடிக்கவில்லை.

படம் முடிந்த வாரமே கம்ப்யூட்டரில் இடமில்லாமல் போயிற்று.

"டிஸ்க் ஃபுல்னு வருது. என்னத்த போட்டு வச்சிருக்க?" என்றார் மச்சான்.

"உங்க மேனேஜரோட பொக்கிஷம்."

"ஃபைனல் காப்பி டி.வி.டி.ல பர்ன் பண்ணிட்டல்ல? அப்புறம் எதுக்கு ஒரிஜினல்? டிலீட் பண்ணிடு. நாப்பது படம் பாக்கி கெடக்கே."

சொன்னவருக்கு ஆபீசில் என்ன வேலை தெரியுமா? பேக்கப் எடுப்பது. ஒரு பெரிய கம்பெனியின் மொத்த டேட்டாவையும் மூன்று ஊரில் மூன்று பிரதியாக வைத்துக் காவல் காக்கிறவர். நான் டிலீட் செய்தேன். பழியை அவர்மேல் போட மாட்டேன். பட்டனை அழுத்தியது என் விரல்.

பாக்கி நாற்பது படமும் கம்ப்யூட்டருக்குள் வந்தபிறகு, வெளியீட்டு விழா ஒரு ஹைஸ்கூல் ஆடிட்டோரியத்தில் நடந்தது. ஞாயிறு மதியம், வெளியே நல்ல வெயில். கிச்சடியும் பொரித்த கத்தரிக்காயும் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் பட்டுப் புடவையும் ஜிப்பாவுமாக வந்து உட்கார்ந்தார்கள். தலைவர் இருபது நிமிஷம் பேசினார். என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சட்டம் போட்ட சான்றிதழைக் கொடுத்தார். தமிழ்ப் பெண் ஒருத்தி வங்காளப் பண்பாட்டுக்குச் செய்த தொண்டு என்று கைதட்டல். மச்சான் ஃபோட்டோ எடுத்தார். முதல் வரிசையில் ஆன்ட்டி இருந்தார். ஜாக்கெட் இல்லை, ஸ்னீக்கர்ஸ் இல்லை, நல்ல புடவை. தலை வாரி, கொஞ்சம் பவுடர்கூடப் போட்டிருந்தார். படம் பார்க்க வந்த மற்றவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் ஸ்டேஷனில் யாரையோ கூப்பிட வந்தவர்போல நேராக உட்கார்ந்திருந்தார்.

படம் துல்லியமாக ஓடியது. ஒரு இருமல் இல்லை. நான் இருட்டில் படத்தைப் பார்க்கவில்லை, ஆட்களின் முகத்தைப் பார்த்தேன். ஒரு முதியவர் அழுதார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு படம் நிஜமாகவே பிழைத்துக்கொண்டது, அதை இன்றும் நான் மறுக்க மாட்டேன். ஆன்ட்டி முதலில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு காதைக் கொஞ்சம் திருப்பினார். பாட்டு வந்தது. ஒட்டுப் போட்ட இரைச்சலுக்குள் கதாநாயகி மட்டும் தனியாகப் பாடினாள். ஆன்ட்டி திரும்பி, வரிசை வரிசையாகப் பின்னால் தேடி என்னைக் கண்டுபிடித்தார்.

முடிந்ததும் என்னிடம் வந்தார். கோபம் இல்லை. ஏதோ கவுன்டரில் வழி கேட்கிறவர்போல, "அவர் எங்கே, மா?" என்றார்.

எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. விளங்காததுபோல, "யாரு ஆன்ட்டி?" என்றேன்.

"என் வீட்டுக்காரர். படம் முழுக்கப் பேசுவாரே. அவர் குரல் என்னிடம் வேறு எதிலும் இல்லை."

பக்கத்தில் நின்ற தலைவர் கேட்டுவிட்டார். பாவம், நல்ல மனிதர். முகம் வெளுத்துவிட்டது. இருந்தாலும் தலைவர் இல்லையா, "ஆனால் படம் காப்பாற்றப்பட்டுவிட்டதே, தீதீ" என்றார், அக்கா என்கிற மரியாதையோடு. ஆன்ட்டி அவருக்கு மரியாதையாகத் தலையாட்டினார். கண் மட்டும் என்மேலேயே இருந்தது. "ஒரிஜினல் இருக்கும் ஆன்ட்டி, நான் எடுத்துத் தரேன்" என்று சொல்லிவிட்டு, சான்றிதழை மச்சான் கையில் திணித்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

கேசட்டைப் போட்டேன். பூஞ்சை பிடித்த டேப் ஒரு தடவைதான் ஓடும்போல. முதல் தடவையிலேயே மேல்பூச்சு உதிர்ந்திருக்கிறது. திரையில் வெறும் பொரி, ஸ்பீக்கரில் உஸ்ஸென்று காற்று. பிறகு டேப் மூன்று துண்டாக அறுந்தது. டிலீட் ஆனதை மீட்கிற சாஃப்ட்வேர் என்று மச்சான் ஆபீசிலிருந்து என்னென்னவோ கொண்டுவந்து இரண்டு நாள் ஓட்டினார். அந்த இடத்தின்மேல் நாற்பது வங்காளப் படங்கள் ஏறி உட்கார்ந்திருந்தன. "ஓவர்ரைட் ஆயிடுச்சு. ஒண்ணும் வராது" என்றார். அவர் குரலிலும் உயிரில்லை. நான் அழுதேன். வெட்கமாக இருந்தது. ஒருவரை நூறு தடவை கேட்டுக் கேட்டு, இவர் யார் என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் அழித்திருக்கிறேன்.

புதன்கிழமை காலை மூன்றாவது பிளாக்குக்கு நடந்தேன். ஆன்ட்டி தனியாக இருந்தார். டேப்பை மெஷின் தின்றதிலிருந்து பட்டனை அழுத்தியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் திருட்டுத்தனமாகப் போய்ப் பார்த்த படம் அது என்றார். டி.வி.யில் போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர், கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவரிடம் ஒரு நாளைக்குக் கேமராவை வாங்கி வந்து, புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வைத்து எடுத்தாராம். மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாராம்.

"என்ன பேசினார் என்று எனக்கு ஞாபகமே இல்லை, மா. அவர் எப்போதும் பேசிக்கொண்டேதான் இருப்பார். யார் கேட்டது? நான் படம் பார்த்துக்கொண்டிருந்தேன்."

அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது. "எனக்குத் தெரியும் ஆன்ட்டி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பயமாகவும் இருந்தது, கேலிக்கூத்தாகிவிடுமோ என்றும் இருந்தது. ஆனால் சொல்ல என்னிடம் வேறென்ன இருக்கிறது? தொண்டையைச் செருமினேன், கேசட்டில் அவருடைய வீட்டுக்காரர் செருமுகிற மாதிரியே. பிறகு அவர் இழுக்கிற இடத்தில் இழுத்து, முடிக்கிற இடத்தில் முடித்து, "ஏய், ஷுன்ச்சோ?" என்றேன்.

ஆன்ட்டி கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தார்.

"காதில் விழுகிறதா என்று கேட்கிறார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். பெயர் சொல்ல மாட்டார்." சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது அவரிடமிருந்து. "இன்னும்?"

"சா ஹோபே?"

"டீ கிடைக்குமா என்று. படம் நடுவில்! நான் எழுந்து போகவே இல்லை, தெரியுமா?"

திண்டுக்கல் நாக்கில் அந்த வங்காளம் எப்படி ஒலித்ததோ, எனக்குத் தெரியாது. ஆன்ட்டி அதைத் திருத்தவில்லை. எனக்கு நினைவிருந்த ஒவ்வொன்றாகச் சொன்னேன். சிரிப்புக்கு முன்னால் வருகிற மூக்கு மூச்சையும் விட்டுக் காட்டினேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவர் மிக அதிகமாகச் சொன்னதை, நான் மிக அதிகமாக அழித்ததைக் கடைசியாகச் சொன்னேன்.

"ஏக்டு ஷோரோ தோ."

"கொஞ்சம் நகரேன் என்கிறார்." தன் பின்னந்தலையைத் தொட்டுக் காட்டினார். "நான் கேமராவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். என் கொண்டை மறைத்ததாம்."

கீழே எழும்பி எழும்பி வந்த கறுப்பு மேடு. அதையும் நான்தான் வெட்டினேன் என்று சொல்ல வாய் வரவில்லை, இருந்தாலும் சொன்னேன். அவர் கேட்டதாகவே தெரியவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை சொல்லு, மா."

சொன்னேன். இந்தத் தடவை அவர் எனக்கு அர்த்தம் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல், சலிப்போடு வங்காளத்தில் ஏதோ பதில் சொல்லிவிட்டு, சோபாவில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.